துரைசானியோடு ஊர் பார்க்கப் போனது

சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஒரு மனுஷர் கடல் தாண்டுவார் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், போய் வேற வேலையைப் பாரு என்றிருப்பேன். கடல் தாண்ட எங்கள் ஆட்களுக்கு இரண்டே காரணம்தான். ஒன்று வயிறு, இன்னொன்று நேர்த்திக்கடன். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்பதை ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

அப்போது சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. பதுளைக்கு ரயில் வராத காலம். எங்கள் துரை கல்யாணமான கையோடு துரைசானியைப் பங்களாவுக்குக் கூட்டி வந்தவர். அதன்பிறகு அவரை எங்கேயும் அழைத்துப் போனதில்லை. கொழுந்து, பெரட்டு, தேயிலை ஸ்டோர் என்றே வருஷங்கள் ஓடின. நடுவில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான், மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பங்களாவுக்கு மாற்றினார்கள். குழந்தை நடக்கத் தொடங்கியபோது துரைக்கு நீண்ட லீவு கிடைத்தது. எங்கே போவது என்பதுதான் கேள்வி.

சாயங்காலம் தேத்தண்ணி குடித்ததும் துரைசானி மேசையில் படங்களைப் பரப்புவார். அவரிடம் இரண்டு கண்ணாடி பதித்த ஒரு பெட்டி இருந்தது. அதில் படத்தைச் செருகிக் கண்ணை வைத்தால் ஊர் அப்படியே எழுந்து நிற்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பார்ப்பேன். ஒரு படத்தில் ஊர் முழுக்கத் தண்ணீர், வீட்டு வாசலிலே ஓடம். வெள்ளத்தில் போன ஊராக்கும் என்று நினைத்து உச்சுக் கொட்டினேன். துரைசானி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, இது ரொம்ப ஆசையான ஊர், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போகிற ஊர் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடைமழைக்குத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் தண்ணீர் நின்றால் நாங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுகிறோம். இவர்கள் அதைத் தேடிக் கப்பலேறுகிறார்கள்.

இன்னொரு படத்தில் இடிந்த மதிலும் தலையில்லாத சிலைகளும் இருந்தன. "இத ஏன் தொரசாணி யாரும் பூசி எடுக்கல?" என்று கேட்டேன். இடிந்து கிடப்பதால்தான் பார்க்கப் போகிறார்கள் என்று அவர் கையாலும் வாயாலுமாக விளக்கினார். துரைசானிக்குப் பாதித் தமிழ்தான் வரும். துரையின் தமிழ் பெரட்டுக் களத்தில் கற்றது. விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்கு விரட்டும் இடத்தில் என்ன தமிழ் இருக்கும்? வா, போ, நில், ஓடு. என்னிடம் குழந்தை தூங்கிற்றா என்று கேட்டால்கூட மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்கிற மாதிரிதான் இருக்கும்.

சண்டைக் காலத்தில் சீமைப் பக்கம் கப்பலில் போக முடியாது என்று ஆனதும் படங்கள் குறைந்தன. துரை காஷ்மீர் என்றார். பனி மலை, படகிலே வீடு. துரைசானி முகத்தைச் சுளித்தார். குளிரும் மலையும் இங்கேயே இருக்கிறது, எனக்கு வெயிலும் பழைய கோயிலும் வேண்டும், இரண்டு பேரும் கைகோத்து நடக்க வேண்டும் என்றார். கைகோத்து நடப்பதற்குக் கடல் தாண்ட வேண்டுமா, தேயிலைக்கு நடுவில் நடந்தால் யார் தடுத்தார்கள் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் ஒரு படத்தை எடுத்துப் பெட்டியில் செருகி என்னிடம் நீட்டினார்.

கண்ணை வைத்தேன். கட்டாந்தரையில் ஒற்றையாய் ஒரு பாறை, அதன் உச்சியில் கோயில். திருச்சி மலைக்கோட்டை. காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டி எங்கள் ஊர்க் களத்து மேட்டில் நின்றால் இதே பாறை தெரியும். குழந்தை என் இடுப்பிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அந்தப் பாறை தெரிகிற ஊரில்தான் என் மகளை விட்டுவிட்டு வந்திருந்தேன். நானும் என் வீட்டுக்காரரும் கண்டிச் சீமை என்று ஊரில் சொல்கிற இந்த இலங்கைக்குக் கிளம்பிய அன்று அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட பிள்ளையோடு போனால் கரையிலே டாக்டர் மொத்தக் கூட்டத்தையும் நிறுத்திவிடுவார் என்று எங்களை வேலைக்குக் கூட்டிப்போக வந்த கங்காணி சொன்னார். ஐந்து வயசுப் பிள்ளையை வேப்பிலைப் படுக்கையில், அக்காவின் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தோம். அடுத்த தடவை ஆள் கூட்டி வரப் போகும்போது அழைத்து வருகிறேன் என்றார் கங்காணி. அதற்கடுத்த தடவையும் அதையே சொன்னார். அதற்குள் என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புவேன். வருகிறவர்கள் "நல்லாத்தான் இருக்கா" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டியிருந்தேன்.

இதை யாரிடமும் சொல்லவும் பயம். ஊருக்குப் போன ஆள் திரும்பாது என்பது தோட்டத்தில் பெரிய கவலை. மகளைப் பார்க்க என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்று கங்காணிக்குத் தெரிந்தால், பயணத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள எனக்குப் பதில் வேறு ஒருத்தியை அனுப்பிவிடுவார். லயத்தில் என் அறைக்கு அடுத்த காம்பராக்காரியிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

துரைக்கும் துரைசானிக்கும் நாள்தோறும் இதே பேச்சு. காஷ்மீரா, கோயிலா? ஒருநாள் துரைசானி சலித்துப்போய், உங்கள் ஆட்கள் ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டார். பூக்கட்டிப் பார்ப்போம் என்றேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒன்றும் அறியாத பிள்ளையை எடுக்கச் சொல்வோம் என்று விளக்கினேன். துரைசானி கைகொட்டிக் குதித்தார். நாளைக்கே செய்ய வேண்டுமாம்.

எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி இதைக் கேட்டதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு எடுக்கப் பூக்கட்டுவோம், நோய்க்குக் கட்டுவோம். ஊர் சுத்திப் பாக்கறதுக்குப் பூக்கட்டுறத நான் கேள்விப்பட்டதே இல்லீங்க" என்றார். துரை சொன்ன பிறகு என்ன செய்வது? கட்டினார். ஞாயிற்றுக்கிழமை, லயம் மொத்தமும் கூடிவிட்டது. வெள்ளை வந்தால் திருச்சி, மதுரை. சிவப்பு வந்தால் காஷ்மீர். நான் குழந்தையை இறக்கிவிட்டுத் தள்ளி நின்றேன். ஆத்தா, வெள்ளைய எடுத்துக் குடு, ஆடி மாசம் கூழ் ஊத்துறேன் என்று உள்ளுக்குள் கதறினேன். குழந்தை விபூதித் தட்டைக் கொஞ்ச நேரம் நோண்டிவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை அரளி.

துரை சிரித்தபடி விரலைக் காட்டி, இன்னொரு தரம் எடு என்றார். காசு சுண்டிப் போடுகிற விளையாட்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கூட்டம் அப்படியே விறைத்துப்போனது. அம்மனிடம் ஒருமுறை கேட்டதை யாராவது மறுமுறை கேட்பார்களா? கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "வேணாங்க தொரை. ஆத்தா சொன்னப்பறம் மாத்துனா நாளைக்குப் பெரட்டுக்கு ஒரு ஆளும் வராதுங்க." துரை சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. காஷ்மீர் அத்தோடு முடிந்தது.

கிளம்புகிற அன்று லயமே வந்து வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பல்லெல்லாம் தெரிய வண்டியேறினேன். "அடி இவளே, தொரசாணி மாதிரியே ஊர் பாக்கப் போறாடி" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேலி பண்ணினாள். பண்ணிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பண்டாரவளையில் ரயில் ஏறினோம். அப்புத்தளை தாண்டினால் ரயில் மலை முதுகில் போகும். ஒரு பக்கம் அப்படியே சரிந்து கீழ்நாடு வரைக்கும் தெரியும். துரைசானி குழந்தையைச் சன்னலில் தூக்கிப் பிடித்து, பார் பார் என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். கீழே ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களும், லயங்களின் தகரக் கூரைகளும், அடுப்புப் புகையும் தெரிந்தன. நம் லயம் மாதிரி இன்னொரு லயம், இதிலே பார்க்க என்ன இருக்கிறது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில். வரும்போது ஆட்டு மந்தை மாதிரி கழுத்தில் தகரத் துண்டைக் கட்டி எங்களை ஓட்டி வந்தார்கள். இப்போது துரைசானி கூடப் போகிற ஆயாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருச்சியில் இறங்கி ஒரு பங்களாவில் தங்கினோம். வராந்தாவிலிருந்து மலைக்கோட்டை தெரிந்தது. துரைசானி நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதைப் படமாக வரையத் தொடங்கினார். இரண்டாம் நாள் நான் அவர் காலடியில் உட்கார்ந்து, ஊரில் எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது, ஒரு நாள் விடுங்கள் என்று முதன்முறையாக வாயைத் திறந்தேன். அவர் திகைத்துப்போனார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொன்னால் கூட்டி வந்திருப்பீர்களா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. உடனே போ என்று அனுப்பினார். மகளுக்கு ஒரு பாவாடைத் துணியும் அவரே கொடுத்தார்.

இரண்டு ஆற்றையும் தாண்டி வெயிலில் நடந்தேன். ஊருக்குள் நுழைந்ததுமே என்னவோ போலிருந்தது. களத்து மேட்டில் கருவேலம் முளைத்திருந்தது. அக்கா வீட்டுக் கூரை உள்வாங்கி, படலை முள்ளால் கட்டப்பட்டிருந்தது. அம்மை, வாந்திபேதி, பட்டினி என்று எல்லாச் சாவும் கண் முன்னால் வந்து போயின. எதிர் வீட்டுக்காரி, வயசானவள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீ எங்கடி இங்க வந்து நிக்கிற?" என்றாள். "ஒன்னத் தேடிக்கிட்டுத்தான அவுகெல்லாம் கண்டிக்குப் போயிட்டாக."

எனக்கு விளங்கவில்லை. யார் போனார்கள் என்று கேட்டேன்.

"ஒங்க அக்கா, அவ புருசன், ஒம் மக. மழையே இல்ல. மேலத் தெரு மீசைக் கங்காணி ஆள் கூட்டுனாரு, ஐப்பசியில ஏறிட்டாக. ஹல்துமுல்லையோ என்னமோ சொன்னாரு. கண்டிக்குத்தான போறோம், அங்கதான எந்தங்கச்சி இருக்கா, போனதும் புள்ளைய அவ கையில குடுத்துருவேன்னு ஒங்க அக்கா சொல்லிட்டுப் போனா. இன்னுமா பாக்கல?"

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டி என்றால் ஊரில் எல்லாருக்கும் ஒரே ஊர்தான். ஒரு தெரு, ஒரு கிணறு, அங்கே போனவர்கள் எல்லாரும் காலையும் மாலையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள் என்று நினைப்பு. எத்தனை மலை, எத்தனை தோட்டம், ஒரே தோட்டத்துக்குள் ஒரு கணக்குப் பிரிவில் இருக்கிறவருக்கு அடுத்த பிரிவு ஆளையே தெரியாது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? வருவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காமேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. தை, மாசி வந்துவிட்டது. ஐப்பசியிலிருந்து என் பிள்ளை நான் இருக்கிற மலைக்கு அந்தப் பக்கத்து மலையில் இருந்திருக்கிறாள். துரைசானி சன்னலில் காட்டிய தகரக் கூரை, நான் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் புகை, எல்லாம் அப்போதுதான் மண்டையில் அடித்தது. எதிர் வீட்டுக்காரி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த வழியே நடந்தேன்.

பங்களாவுக்குத் திரும்பி வந்து சொன்னபோது துரைசானியின் கையிலிருந்த தூரிகை கீழே விழுந்தது. அவர் நல்ல மனுஷிதான், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னை இப்போதே அனுப்பிவிடுங்கள் என்றேன். துரை வந்தார். தனியாக வருகிற பெண்ணைக் கரையில் கூலி ஆள் என்று முகாமில் போட்டுவிடுவார்கள், எப்போது விடுவார்கள் என்று தெரியாது என்று துரை சொன்னதைத் துரைசானி எனக்கு விளக்கினார். துரை தம் தமிழில் சொன்னார்: "போகாதே. இரு." அதுதான் முடிவு. இன்னும் தஞ்சாவூர் பாக்கி, மதுரை பாக்கி, ராமேசுவரம் பாக்கி. அம்மன் பூக்கொடுத்த ஊர்களாயிற்றே.

அதன்பிறகு நான் பார்த்த ஊர்களைப் போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கோபுரத்தையும் எரிச்சலோடு பார்த்தேன். இது எந்த ராஜா கட்டியது, அவன் பெண்டாட்டி பெயர் என்ன என்று வழிகாட்டி ஒருவன் நீட்டி முழக்குவான். இவனை யாராவது வாயை மூடச் சொல்ல மாட்டார்களா என்று இருக்கும். மதுரையில் கல்தூண் மண்டபத்தில் துரையும் துரைசானியும் ஆசைப்பட்டபடியே கைகோத்து நடந்தார்கள். கோயிலுக்கு வந்த சனம் சாமியை விட்டுவிட்டு அவர்கள் பின்னால் திரண்டுவிட்டது. ஒரு கிழவர் என்னிடம் வந்து, அந்த அம்மாளுக்குக் கண் தெரியாதா, கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறாரே என்று கேட்டார். வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்தக் கிழவர்மேல் எரிந்து விழுந்தேன். ராமேசுவரத்துக் கடலைக் காட்டி, எவ்வளவு அழகு என்றார் துரைசானி. அந்தக் கடல்தான் எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் கிடந்தது. ஆமாங்க என்றேன்.

திரும்பி வரும்போது துரைசானி எனக்காகத் துரையிடம் மன்றாடினார். அப்புத்தளை ஸ்டேஷனில் ரயில் நின்றதும் துரை கதவைத் திறந்து, "இறங்கு" என்றார். அவர் தமிழில் நான் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைப் பாதையில் இறங்கினேன். ஹல்துமுல்லைக் கடை வீதியில் ஒரு முஸ்லிம் காக்கா கடையில் மீசைக் கங்காணியைப் பற்றி விசாரித்தேன். முதலாளி தராசை வைத்துவிட்டு வாசல் வரை வந்து வழி காட்டினார். எட்டி நடக்கிற தூரம்தான்.

அக்கா லயத்து வாசலில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சுளகை அப்படியே கீழே வைத்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? வந்த நாள்லருந்து கண்ட ஆளையெல்லாம் கேட்டு, பண்டாரவளைச் சந்தையில ஒருத்தன் சொல்லித்தான் நீ இருக்கிற தோட்டம் தெரிஞ்சுச்சு. புள்ளையக் கூட்டிக்கிட்டுக் காடும் மேடுமா நடந்து வந்தோம்டி. நீ போயி மூணு நாளாச்சுன்னாக. பக்கத்துக் காம்பராக்காரி சொல்றா, தொரசாணி கூட ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்கா, சிரிச்சுக்கிட்டேதான் வண்டியேறுனான்னு. புள்ள ஒங் காம்பரா வாசல்லருந்து எந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. ராத்திரி அங்கனயே படுத்துக் கெடந்தா. நாங்க எத்தன நாளு வேலைக்குப் பேரு போடாம கெடக்க முடியும்? இழுத்துக்கிட்டு வந்தேன்."

அந்த நேரம் மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். பெரியவர்களுக்குப் பின்னால் ஒரு பெண் முதுகில் சின்னக் கூடையோடு வந்தாள். நெடுநெடு என்று வளர்ந்திருந்தாள். கன்னத்தில் அம்மைத் தழும்பு. அக்கா அவளைப் பிடித்து என் முன்னால் நிறுத்தி, "இதான்டி ஒன் ஆத்தா" என்றாள். அவள் கூடையை இறக்கிச் சுவரோரம் நேராக வைத்தாள். என் மூட்டையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஊரெல்லாம் பாத்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். வந்த ஆளிடம் கேட்கிற மாதிரி மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஒன்னப் பாக்கத்தான்டி போனேன்" என்றேன். "நம்ம வீடு வரைக்கும் போனேன். ஒனக்காகத்தான் கடல் தாண்டிப் போனேன்."

அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள்.

"நான் இங்கதான இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கால் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போய்விட்டாள்.